மலைக் குளிரில் பச்சிளங்குழந்தை: முதல் 28 நாளுக்கான முழுமையான வழிகாட்டி

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வீடுகளில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால் முகம் மட்டும்தான் தெரியும். குல்லா, ஸ்வெட்டர், மேலே துணி, அதற்கும் மேலே கம்பளி. மலைக் குளிருக்கு அது தேவைதான். ஆனால் பிறந்த குழந்தைக்கு வரும் தொல்லைகள் பலவும் அந்தக் கம்பளிக்குள்ளேயே வளர்கின்றன. மஞ்சள் காமாலை நெஞ்சைத் தாண்டி வயிற்றுக்கு இறங்கியிருக்கும், மூச்சு வேகம் பிடித்திருக்கும், தொப்புளைச் சுற்றிச் சிவந்திருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கீழ்நாட்டில் மெல்லிய சட்டையோடு கிடக்கும் குழந்தையிடம் உடனே கண்ணில் படுவது மலையில் தாமதமாகத்தான் கண்ணில் படும். பெரிய மருத்துவமனைக்கு இறங்கும் நேரமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

அதனால் மலை வீடுகளுக்கு நாங்கள் வலியுறுத்துவது இரண்டு பழக்கங்கள். குழந்தையை எப்போதும் சூடாக வைத்திருங்கள். தினமும் ஒரு முறையாவது நல்ல வெளிச்சத்தில் அவிழ்த்துப் பாருங்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். இரண்டையும் சேர்த்துச் செய்யும் விதம் கீழே இருக்கிறது.

குளிர் என்ன செய்கிறது

பெரியவர்களுக்குக் குளிர்ந்தால் உடம்பு நடுங்கிச் சூட்டை உண்டாக்கும். பிறந்த குழந்தையால் அப்படி நடுங்க முடியாது. கழுத்து, தோள்பட்டை, சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு தேடிக்கொள்கிறது. அதற்குச் சர்க்கரையும் ஆக்சிஜனும் வேண்டும். குளிர் நீடித்தால் இரத்தத்தில் சர்க்கரை குறையும். சர்க்கரை குறைந்தால் குழந்தை சோர்ந்து போய்ப் பால் இழுக்காது. பால் போகாவிட்டால் எரிக்க எதுவுமில்லாமல் உடம்பு இன்னும் குளிரும். 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளிடமும் 37 வாரம் முடியுமுன் பிறந்தவர்களிடமும் இந்தச் சுழல் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும், ஏனென்றால் அவர்களிடம் கொழுப்புச் சேமிப்பே குறைவு.

சூட்டை அறிய முதலில் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உங்கள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு குழந்தையின் வயிற்றையும் உள்ளங்காலையும் தொட வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் உடம்பு குளிரோடு போராடிக்கொண்டிருக்கிறது, அப்போதே சூடேற்ற வேண்டும். வயிறும் சில்லிட்டிருந்தால் அது ஆபத்து. கன்னத்தையோ விரல் நுனியையோ தொட்டு முடிவு செய்ய வேண்டாம், மலையில் அவை எப்போதும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும்.

அடுத்தது வெப்பமானி. வீட்டில் சாதாரண டிஜிட்டல் வெப்பமானி ஒன்று கட்டாயம் இருக்கட்டும். நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கி வகை, குளிர்ந்த அறையில் குறைத்துக் காட்டக்கூடும்.

1. அக்குளை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் அளவு குறையும்.
2. முனையை அக்குளின் உச்சியில், தோலோடு ஒட்டும்படி வையுங்கள். நடுவில் துணி சிக்கக் கூடாது.
3. கையை விலாவோடு அணைத்துப் பிடித்து, ஒலி வரும்வரை பொறுங்கள். வந்த எண்ணோடு எதையும் கூட்டாதீர்கள்.

97.7 முதல் 99.5 டிகிரி பாரன்ஹீட் வரை (36.5 முதல் 37.5 செல்சியஸ்) இருக்க வேண்டிய அளவு. 96.8 முதல் 97.6 வரை காட்டினால் தோலோடு தோலாக அணைத்துப் பால் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 96.8-க்குக் கீழே போனால் அணைத்தபடியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். 95.9-க்குக் கீழே இருப்பது குளிரால் மட்டும் வந்ததாக இராமல் போகலாம், கிருமித்தொற்றும் உடம்பை இப்படிச் சில்லிட வைக்கும். வெப்பமானி 'லோ' என்று காட்டினால் சரியாக வைத்து மீண்டும் பாருங்கள், மறுபடி அதே வந்தால் தாமதிக்க வேண்டாம்.

கங்காரு பராமரிப்பு: மலைக்கே உரிய மருந்து

குளிர்காலத்தில் உதகை வீட்டறை ஒன்றை இரவு முழுவதும் 26 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு முடியாத காரியம். தாயின் நெஞ்சைச் சூடாக வைக்க மின்சாரம் வேண்டாம். குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக அணைத்து வைக்கும் இந்தக் கங்காரு முறை மருத்துவமாக உருப்பெற்ற இடமும் ஒரு மலை நகரம்தான். கொலம்பியாவின் தலைநகர் போகோட்டா ஏறக்குறைய 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியைவிட உயரம். 1978-ல் அங்கே இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். இன்று எடை குறைந்த குழந்தைகளுக்கு ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் இதைச் செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

1. தாய் முன்பக்கம் திறக்கும் நைட்டியோ சட்டையோ போட்டுக்கொள்ளட்டும். உள்ளாடை வேண்டாம். மார்பில் தைலம், பவுடர், வாசனைப் பொருள் எதுவும் இருக்கக் கூடாது.
2. குழந்தைக்குக் குல்லா, காலுறை, நாப்கின் மட்டும். நெஞ்சும் வயிறும் வெறுமையாக இருக்க வேண்டும். சட்டை போட்ட குழந்தையை அணைத்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.
3. இரு மார்புகளுக்கும் நடுவே நிமிர்த்தி வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, முகவாய் சற்றே உயர்ந்து இருக்கட்டும். முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும்.
4. கைகளும் கால்களும் தவளைபோல மடங்கி விரிந்திருக்க வேண்டும். கால்களை நேராக நீட்டிக் கட்டாதீர்கள்.
5. பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து, மேல் விளிம்பு குழந்தையின் காது மட்டத்தில் வரும்படி சுற்றிக் கட்டுங்கள். நெஞ்சுப் பகுதி இறுக்கமாகவும் வயிற்றுப் பகுதி தளர்வாகவும் இருக்கட்டும், குழந்தை வயிற்றால்தான் மூச்சு விடும்.
6. அதன்மேல் தாயின் ஸ்வெட்டர், பிறகு சால்வை. குழந்தையின் முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

ஒரு முறை அணைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அடிக்கடி எடுத்து வைத்தால் ஏறிய சூடெல்லாம் இறங்கிவிடும். தாய்க்கு முதுகு வலித்தால் அப்பா செய்யலாம், பாட்டி செய்யலாம், அத்தை செய்யலாம். "ஆம்பளைக்கு எதுக்கு இது" என்று கூச்சப்படும் வீடுகளில் குழந்தையின் அப்பாவைத் தனியறையில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள், பிறகு அவரே கேட்டு வாங்கிக்கொள்வார்.

அறை, கரி அடுப்பு, பழைய கம்பளி

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: கதவும் சன்னலும் மூடிய அறைக்குள் கரி அடுப்போ விறகுத் தணலோ வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே குடும்பம் மொத்தத்தையும் கொன்றுவிடும். தணல் அணைந்ததுபோலத் தெரிந்தாலும் வாயு வந்துகொண்டுதான் இருக்கும். எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர் பாதுகாப்பானது, அதையும் குழந்தையிலிருந்து மூன்றடிக்கு மேல் தள்ளி வையுங்கள். சுடுதண்ணீர்ப் பையால் படுக்கையைச் சூடாக்கலாம், ஆனால் குழந்தையைக் கிடத்துமுன் பையை எடுத்துவிட வேண்டும். பச்சிளம் தோல் நமக்கு இதமாகத் தெரியும் சூட்டிலேயே வெந்துபோகும்.

பல வீடுகளில் மூத்த பிள்ளையின் கம்பளி உடைகள் டிரங்குப் பெட்டியில் அந்துருண்டையோடு கிடக்கும். பிரசவ நேரத்தில் எடுத்து அப்படியே போட்டுவிடுவார்கள். அந்துருண்டையில் உள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இரத்தம் குறைந்து, மஞ்சள் காமாலை ஒரே நாளில் எகிறிவிடும். யாருக்கு அந்தக் குறைபாடு என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் எட்டாம் மாதத்திலேயே அந்த உடைகளை எடுத்துத் துவைத்து, பல நாள் வெயிலிலும் காற்றிலும் போடுங்கள். வாசனை மீதமிருந்தால் அது குழந்தைக்கு வேண்டாம்.

உடுத்தும் வரிசையில் தோலை ஒட்டிப் பருத்தி, அதன்மேல் கம்பளி. பெரியவர் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு கூடுதல் போதும். படுக்கையில் மல்லாந்து கிடத்துங்கள். பெரியவர்களின் கனத்த ரஜாய்க்குள் குழந்தையைச் சேர்க்காமல் தனிப் போர்வை கொடுங்கள், அது நெஞ்சு மட்டத்துக்கு மேலே ஏறாதபடி ஓரங்களைச் செருகிவிடுங்கள்.

பிறந்து 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்ட வேண்டாம். எடை குறைந்த குழந்தைக்கு 2.5 கிலோ வரும்வரை வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்தாலே போதும். குளிப்பாட்டும் நாளில் பகல் 11 மணிக்கு மேல், காற்று வராத அறையில், ஐந்து நிமிடத்துக்குள் முடித்து, தலையை முதலில் துவட்டுங்கள். சாம்பிராணிப் புகை காட்ட வேண்டாம், அது நேரே சின்ன நுரையீரலுக்குத்தான் போகும்.

தினமும் அவிழ்த்துப் பார்ப்பது

நேரம் பகல், இடம் சன்னலோரம். மஞ்சள் பல்பு, டியூப் லைட் இரண்டும் நிறத்தை மாற்றிக் காட்டும். பனிமூட்ட நாளில் மூட்டம் கொஞ்சம் விலகும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழுவதும் ஒரேயடியாக அவிழ்க்காதீர்கள். முதலில் மேல்பாதி, அதை மூடிவிட்டுக் கீழ்பாதி. நாப்கின் மாற்றும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

முகமும் உதடும் முதலில். கை, பாதம் மட்டும் லேசாக நீலம் பூத்திருப்பது முதல் ஓரிரு நாளில் சகஜம். உதடோ நாக்கோ நீலமானால் அது அவசரம். அடுத்து மூச்சு: குழந்தை அமைதியாக இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து முழு 60 விநாடி வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது உதவாது, பச்சிளங்குழந்தையின் மூச்சு சீராக இராது. பிறகு நெஞ்சு, வயிறு, தொடை, உள்ளங்கால் ஆகிய இடங்களில் விரலால் அழுத்தி எடுத்து மஞ்சள் தெரிகிறதா என்று பாருங்கள். தொப்புள், தொடை மடிப்பு, கழுத்து மடிப்பு, முதுகு கடைசியில்.

உடம்பெல்லாம் வலைபோலச் சிவப்பும் ஊதாவுமாகக் கோலமிட்டிருந்தால் பயப்பட வேண்டாம், குளிர்பட்ட தோலில் அது வரும், சூடேறியதும் மறையும். சூடேறியபின்னும் மறையாமல் குழந்தையும் சோர்ந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மஞ்சள்

பத்துக் குழந்தைகளில் பாதிக்கு மேல் மஞ்சள் பூக்கும். கருவறைக்குள் தேவைப்பட்ட கூடுதல் சிவப்பணுக்கள் பிறந்தபின் உடைகின்றன. அதிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளை வெளியேற்றக் கல்லீரல் இன்னும் தேறவில்லை. இயல்பான மஞ்சள் இரண்டாம் மூன்றாம் நாளில் முகத்தில் தொடங்கி, ஐந்தாம் நாள்வாக்கில் உச்சத்துக்குப் போய், நிறைமாதக் குழந்தையிடம் இரண்டு வாரத்தில் மறையும். குறைமாதம் என்றால் மூன்று வாரம் வரை ஆகலாம்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் வரும் எந்த மஞ்சளும் இயல்பானதில்லை. தாயின் இரத்தம் ஓ பிரிவாகவோ நெகட்டிவ் வகையாகவோ இருந்தால் இதில் இரட்டைக் கவனம் வேண்டும். மஞ்சள் மேலிருந்து கீழே இறங்கும். முகத்தோடு நின்றால் கவனித்துக்கொண்டு அடிக்கடி பால் கொடுங்கள். வயிற்றைத் தாண்டினால் அன்றே இரத்தப் பரிசோதனை. உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளானால் இரவானாலும் கிளம்ப வேண்டியதுதான். கறுத்த நிறக் குழந்தையிடம் தோலைவிட ஈறும் கீழ் இமையின் உட்புறமும் தெளிவாகக் காட்டும். கண் பார்த்து அளவைச் சொல்ல யாராலும் முடியாது, ஆகவே சந்தேகம் வந்தால் அளந்துவிடுவதே சரி.

அறிக்கையில் வரும் எண்ணை மட்டும் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம். 14 என்ற அளவு ஐந்தாம் நாள் நிறைமாதக் குழந்தைக்குப் பொதுவாகப் பரவாயில்லை, முதல் நாள் முடியுமுன் வந்தால் சிகிச்சை கட்டாயம். பிறந்து எத்தனை மணி நேரம், எத்தனை வாரத்துக் குழந்தை என்பதை வைத்தே மருத்துவர் முடிவெடுப்பார்.

காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்ற நம்பிக்கைதான் மலையில் அதிகத் தொல்லை தருகிறது. நீல ஒளி விளக்கு குறிப்பிட்ட அலைநீளத்தில், உடம்பு முழுவதும், மணிக்கணக்கில் பட்டால்தான் பிலிருபின் கரையும் வடிவத்துக்கு மாறும். ஊட்டி வெயிலில் கால்மணி நேரம் அவிழ்த்துக் கிடத்தினால் குழந்தைக்குக் கிடைப்பது குளிர், அதோடு மலை உயரத்தின் கடுமையான புற ஊதாக் கதிர். மஞ்சள் மூளையில் படிந்தால் செவித்திறன் போகும், கைகால் இயக்கம் வாழ்நாள் முழுவதும் பாதிக்கப்படும். நேரத்துக்கு விளக்கின் கீழ் வைத்தால் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பிவிடலாம். சூடு போடுவது, கண்ணில் சொட்டு விடுவது, நாட்டு மருந்து ஊட்டுவது எதுவும் வேண்டாம்.

இன்னொன்றையும் மறக்காமல் பாருங்கள். இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்புபோல வெளுத்தும் சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடிக்கும்படியும் போனால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன். "பொறுத்துப் பார்ப்போம்" என்று ஒரு வாரம் தள்ளுவதுகூட இங்கே இழப்பு.

மூச்சும் மூக்கடைப்பும், தைலமும்

நிமிடத்துக்கு 30-க்கு மேல், 60-க்குள் மூச்சு வரலாம். ஐந்து பத்து விநாடி நின்று மறுபடி வேகமாகத் தொடங்குவதும் இயல்பே. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் சற்றுப் பொறுத்து இரண்டாம் முறை எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தாலோ, விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு குழிந்து உள்ளே போனாலோ, முனகல் சத்தம் வந்தாலோ, 20 விநாடி மூச்சு நின்றாலோ உடனே மருத்துவமனை. பெரியவர்களுக்கான விரல் ஆக்சிமீட்டரைக் குழந்தையின் விரலில் மாட்டி வரும் எண்ணை நம்ப வேண்டாம். அது அந்தச் சின்ன விரலுக்குச் செய்யப்பட்டதில்லை.

மலைக்காற்று குளிர்ந்ததால் மூக்கில் சளி காய்ந்து குர்குர் என்று கேட்கும். பிறந்த குழந்தை பெரும்பாலும் மூக்கால் மட்டுமே மூச்சு விடும், அதனால் பால் குடிக்க விடாது. பச்சிளங்குழந்தைக்கு உரிய உப்புநீர்ச் சொட்டு மருந்தை ஒவ்வொரு மூக்கிலும் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் கழித்துப் பால் கொடுங்கள். எண்ணெய் விடுவது, வாயால் ஊதுவது வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும்.

நீலகிரியில் யூகலிப்டஸ் தைலமும் விண்டர்கிரீன் தைலமும் இல்லாத வீடு அரிது. தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் கைகண்ட மருந்துகள் என்பதால் குழந்தையின் நெஞ்சிலும் உச்சியிலும் ஒரு சொட்டு தடவும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் சிறு குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கும், காட்டமான வாசனையே மூச்சைத் திடீரென நிறுத்தக்கூடும். விண்டர்கிரீனில் இருப்பது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்தது, தோல் வழியே ஊறி நஞ்சாகும். தாய் தன் முதுகுக்குத் தேய்த்துக்கொண்டாலும் கையைச் சோப்பால் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். பாட்டிமாரிடம் இதைச் சொல்லும்போது, "பெரியவங்களுக்கு நல்லதுதான் பாட்டி, இந்த வயசுக்கு மட்டும் ஆகாது" என்று சொல்லுங்கள், கேட்பார்கள்.

பால், எடை, வயிறு

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். சேனை வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், வசம்பு எதுவும் வேண்டாம். தேனில் உள்ள கிருமி வித்துகள் குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கும். குளிரில் தொண்டை காயும் என்று வெந்நீர் கொடுப்பதும் வேண்டாம், தாய்ப்பாலிலேயே தேவையான நீர் இருக்கிறது.

நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் தேவை. கம்பளிக்குள் சுகமாகத் தூங்கும் குழந்தை பசியைக் காட்டாது, எடை குறைந்ததாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை எழுப்பிக் கொடுக்க வேண்டும். மார்பில் இழுக்க முடியாத குழந்தைக்குப் பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் (பால் புகட்டும், மூக்குள்ள சிறு கிண்ணம்) ஊட்டுங்கள். பாலாடையைக் கொதிக்க வைத்துக் கழுவியிருக்க வேண்டும், குழந்தை நிமிர்ந்து விழித்திருக்க வேண்டும், நுனியைக் கீழுதட்டில் வைத்துச் சிறுகச் சிறுகச் சாய்க்க வேண்டும்.

போதுமா என்பதை நாப்கின் சொல்லும். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது சிறுநீர் போக வேண்டும். முதல் நாள்களில் செங்கல் நிறக் கறை தெரிவது பால் இன்னும் வேண்டும் என்பதன் அடையாளம். முதல் வாரத்தில் எடை கொஞ்சம் இறங்கும், 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 3 கிலோ குழந்தை 2.7-க்குக் கீழே போனால் காட்ட வேண்டும். இரண்டாம் வாரம் முடியும்போது பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். கம்பளியோடு நிறுத்தால் கணக்குத் தப்பிவிடும், ஒவ்வொரு முறையும் ஒரே துணியோடு நிறுங்கள்.

கரும்பச்சை மலம் 24 மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும். 48 மணி நேரமாகியும் வராமல் வயிறு உப்பினால் குடலில் கோளாறு. பால் குடித்தபின் வாயோரம் கொஞ்சம் எதுக்களிப்பது நோயே இல்லை. பச்சை நிற வாந்தி மட்டும் எந்த நாளில் வந்தாலும் குடல் அடைப்பாகவே கருதி, பால் கொடுப்பதை நிறுத்திவிட்டு உடனே கிளம்ப வேண்டும்.

விடாமல் அழுதால் உரம் விழுந்ததாகச் சொல்லித் துணியில் போட்டு உருட்டுவது உண்டு. பசி, ஈரம், குளிர், மேல்சூடு, விரலில் சுற்றிய கம்பளி நூல் ஆகியவற்றை முதலில் பாருங்கள். கையுறை, காலுறையின் உட்புறப் பிசிர் நூல் விரலை இறுக்கி இரத்த ஓட்டத்தையே நிறுத்தியிருக்கும், அவிழ்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

தொப்புள், கண், தோல்

தொப்புள் கொடியில் எதுவும் போடாமல் உலர விடுங்கள். சாம்பல், மஞ்சள், எண்ணெய் வேண்டாம். நாப்கினை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். ஐந்து முதல் பதினைந்து நாளில் தானே விழும். சுற்றியுள்ள தோல் சிவந்து பரவினாலோ சீழ், துர்நாற்றம் வந்தாலோ காத்திருக்கக் கூடாது, அங்கிருந்து இரத்தத்துக்கு வழி மிகக் குறுகியது.

கண்ணில் லேசான பீளை கண்ணீர்க்குழாய் அடைப்பால் வரும். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள், கண்ணுக்கு ஒரு பஞ்சு. இமை வீங்கிச் சீழ் வழிந்தால் அன்றே காட்டுங்கள், பார்வை போகலாம். மை வேண்டாம்.

இரண்டாம் மூன்றாம் நாளில் சிவந்த திட்டுகளின் நடுவே வெள்ளைப் புள்ளி தோன்றி இடம் மாறி மாறி வரும், மருந்து தேவையில்லை. முதுகில் நீலத் தழும்பு, தோல் உரிதல், பெண் குழந்தைக்குச் சொட்டு இரத்தம், மார்பு வீக்கம் எல்லாம் தானே மாறும். வீங்கிய மார்பைப் பிதுக்கினால் கட்டியாகிச் சீழ் பிடிக்கும். சீழ் கொப்புளங்கள் பத்துக்கு மேல் இருந்தால் சிகிச்சை வேண்டும்.

கிருமித்தொற்று: மெல்லிய அறிகுறிகள்

பெரிய குழந்தைபோலப் பச்சிளங்குழந்தை காய்ச்சலால் கொதிக்காது. நன்றாகக் குடித்த குழந்தை இரண்டு வேளை தொடர்ந்து குடிக்க மறுப்பதே பெரும்பாலும் முதல் அறிகுறி. தூண்டினால் மட்டும் அசைவது, மெலிந்த அழுகை, சில்லிட்ட வயிறு, வேகமூச்சு ஆகியவை அதைத் தொடரும். வெப்பமானி 99.5-ஐத் தாண்டினால் ஓர் அடுக்கு உடையைக் கழற்றி, அரைமணி கழித்துப் பாருங்கள், அதிகப் போர்வையாலும் ஏறும். 100.4 வந்தால் உடை காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புங்கள். வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் சொட்டு மருந்தைக் கொடுத்து எண்ணை இறக்குவது நோயை மறைக்கும்.

கை நடுங்கினால் அதை மெல்லப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றால் சாதாரண நடுக்கமாகவோ சர்க்கரைக் குறைவாகவோ இருக்கும், பால் கொடுத்துக் காட்டுங்கள். பிடித்தும் வெட்டி இழுத்தால் வலிப்பு. கண் நிலைகுத்துவது, வாய் சப்புக்கொட்டிக்கொண்டே இருப்பது, சைக்கிள் மிதிப்பதுபோல் கால் அசைவது ஆகியவையும் வலிப்பின் வடிவங்கள்தான்.

ஊசியும் குதிகால் இரத்தமும்

வீடு திரும்புமுன் வைட்டமின் கே ஊசி, பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி ஆகியவை அட்டையில் பதிவாகியிருக்கின்றனவா என்று சரிபாருங்கள். வைட்டமின் டி நாளுக்கு 400 அலகு தரும்படி மருத்துவர் சொல்வார், மாதக்கணக்கில் மூட்டமும் கம்பளியுமாக இருக்கும் மலையில் அதைத் தவறவிட வேண்டாம். குதிகாலில் எடுக்கும் சில சொட்டு இரத்தம் தைராய்டு குறைபாட்டைக் காட்டும். பிறந்தபோது பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது, ஆனால் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும்.

இருளர், பணியர், குறும்பர் குடும்பங்கள் அரிவாள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள்போல வளையும் பரம்பரை இரத்தக் குறைபாடு) சோதனையையும் கேட்டுப் பெற வேண்டும். இந்தியாவில் இந்தக் குறைபாடு முதன்முதலில் 1952-ல் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான், லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கருவறை வகை ஹீமோகுளோபின் முதல் சில மாதம் காத்து நிற்பதால் குழந்தை நன்றாகவே இருக்கும். அந்த அவகாசத்திலேயே தெரிந்துவிட்டால் தொற்றைத் தடுக்கும் மருந்தை இரண்டாம் மாதத்திலேயே தொடங்கலாம்.

மலையிறங்கும்போது

108-ஐ அழைக்கும்போது சுருக்கமாக, வரிசையாகச் சொல்லுங்கள்: "பிறந்து அஞ்சு நாள் ஆன பெண் குழந்தைங்க. காலையில இருந்து பால் குடிக்கல. உடம்பு 95 டிகிரி, மூச்சு நிமிஷத்துக்கு 70. எஸ்டேட் லைன் வீட்டுக்கு வண்டி வராது, மெயின் ரோட்டுல தேயிலை ஃபேக்டரி வாசலுக்குத் தூக்கிட்டு வர்றோம்." வயது, அறிகுறி, எண், வண்டி நிற்கும் இடம், இந்த நாலும் வந்துவிட வேண்டும். கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் இடத்தைப் பிரசவத்துக்கு முன்பே பார்த்து வையுங்கள். வடகிழக்குப் பருவமழை நாள்களில் குன்னூர் சாலை மண்சரிந்து அடைபட்டால் கோத்தகிரி வழி திறந்திருக்கிறதா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் அறிகுறி தொடங்கிய பகலிலேயே கிளம்பிவிடுவது நல்லது.

வண்டியில் குழந்தை தாயின் நெஞ்சோடு கங்காரு நிலையில் இருக்கட்டும், குல்லாவோடு, சன்னல் மூடி. கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு கையால் தலையின் பின்புறத்தைத் தாங்குங்கள், முகவாய் நெஞ்சில் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால்மணிக்கொருமுறை உதட்டின் நிறத்தையும் மூச்சையும் கவனியுங்கள். குடிக்க முடிகிற, வாந்தியும் வலிப்பும் வேகமூச்சும் இல்லாத குழந்தைக்கு ஏறுமுன் பால் கொடுக்கலாம்.

பையில் தாய்சேய் நல அட்டை, கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண், தாயின் இரத்தப் பிரிவுச் சீட்டு, வெப்பமானி, பாலாடை, உலர்ந்த நாப்கின் நாலைந்து. ஊட்டியிலோ குன்னூரிலோ பார்த்துவிட்டுக் கோவைக்கு மாற்றினால் என்ன மருந்து, எத்தனை மணிக்கு, கடைசியாகப் பார்த்த சர்க்கரையும் மஞ்சள் அளவும் எவ்வளவு என்று பரிந்துரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வண்டி புறப்படுமுன், அங்கே பச்சிளங்குழந்தைப் பிரிவில் படுக்கை உண்டா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யும்படி செவிலியரிடம் கேளுங்கள்.